வாரத் தேர்வுக்கு எந்த இலவசக் கருவி? கடற்கரைப் பள்ளி ஒன்றிலிருந்து ஓர் ஒப்பீடு

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிரிவுக்கு 38 பேர். வெள்ளிக்கிழமைதோறும் அறிவியலில் பத்து ஒரு மதிப்பெண் வினாக்களுக்குக் குறுந்தேர்வு வைத்து, தாள்களைக் கட்டி வீட்டுக்கு எடுத்துச் சென்று, ஞாயிறு மாலைக்குள் திருத்தி, மதிப்பெண் பதிவேட்டில் ஏற்றி, திங்கள் காலையில் திருப்பிக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் வழக்கம். ஒருமுறை கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு தாளுக்கு ஒன்றரை நிமிடம் வீதம் 57 நிமிடம், பதிவேட்டில் ஏற்றக் கால் மணி நேரம் என்று ஒரு பிரிவுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக ஆயிற்று. நான் எடுப்பவை மூன்று பிரிவுகள் என்பதால், வாரத்துக்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் இந்த ஒரு வேலைக்கே போய்க்கொண்டிருந்தது.

அந்த மூன்றரை மணி நேரமும் நான் செய்தது, விடை ‘அ’வா ‘ஆ’வா என்று பார்த்துச் சரிக்குறி இடுவதுதான். அதே வாரத்தில், தண்ணீருக்குள் இருக்கும் கல் ஏன் எடை குறைந்ததுபோல் தோன்றுகிறது என்ற நெடுவினாவுக்கு ஒரு மாணவி தன் சொந்த நடையில் எழுதிய பத்து வரிகளை, நேரமில்லை என்பதற்காக மேலோட்டமாகப் பார்த்துக் கையொப்பமிட்டுக் கடந்திருக்கிறேன். அந்தப் பத்து வரிகளில்தான் அவளுக்கு எது புரிந்தது, எங்கே தடுக்கியது என்பது இருக்கிறது. அதைப் படிக்க ஓர் ஆசிரியர் வேண்டும்; ‘அ’, ‘ஆ’ பார்க்க ஆசிரியர் வேண்டியதில்லை. முதல் வேலையை எந்த இலவசக் கருவியிடம் ஒப்படைத்தால் இரண்டாவது வேலைக்கு நேரம் கிடைக்கும் என்பதே இங்கு நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி.

இதற்காகக் கடந்த இரண்டு கல்வியாண்டுகளில் நான்கு வழிகளைப் பயன்படுத்திப் பார்த்தேன். கூகுள் ஃபார்ம்ஸ் ஒன்று. கஹூட், வேகிரவுண்ட் போன்ற விளையாட்டு வகைத் தேர்வுகள் இன்னொன்று. பிளிக்கர்ஸ் என்னும் அட்டை முறை மூன்றாவது. குமிழ் நிரப்பிய விடைத்தாளைக் கைபேசிக் கேமராவால் படித்துத் திருத்தும் ஜிப்கிரேடு போன்ற செயலி நான்காவது. எங்கள் இராமநாதபுரம் மாவட்டக் கரையில் உள்ள பள்ளிகளுக்கு அன்றாட வகுப்பில் அட்டையும், மாதத் தேர்வில் குமிழ் விடைத்தாளும் பொருந்தும் என்பது என் முடிவு. அதற்கான காரணம் கருவியின் தரத்தைவிட, மாணவர் வீட்டுக் கைபேசி எந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்பதில்தான் அடங்கியிருக்கிறது.

கைபேசி யாரிடம் இருக்கிறது

மன்னார் வளைகுடாப் பக்கம் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரையிலும், பாக் விரிகுடாப் பக்கம் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி வரையிலும் எந்த ஊர்ப் பள்ளியில் கேட்டாலும், வீட்டில் தொடுதிரைக் கைபேசி இருக்கிறதா என்ற கேள்விக்குப் பெரும்பாலான கைகள் உயரும். வேலைநாளில் மாலை ஏழு மணிக்கு அது உன் கைக்கு வருமா என்று அடுத்த கேள்வியைக் கேட்டபோது, என் வகுப்பில் பாதிக்கும் குறைவான கைகளே நின்றன. அப்பா கடலுக்குப் போகும் நாளில் கைபேசியும் அவரோடு போய்விடும். பாசி எடுக்கப் போகும் அம்மா நீர் வற்றும் நேரம் பார்த்துப் புறப்படுவார். அவர் கைபேசியில் எண் மட்டும் அழுத்த முடியும். இருக்கும் ஒன்றையும் கல்லூரிக்குப் போகும் அண்ணனோ அக்காவோ எடுத்துச் செல்வார்கள்.

இதோடு மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்துகொள்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குள் போவதில்லை. வருமானம் நின்ற வீட்டில் முதலில் நிறுத்தப்படும் செலவுகளில் ஒன்று இணைய ரீசார்ஜ். கல்வியாண்டின் இறுதியும் அடுத்த ஆண்டின் தொடக்கமும் இந்த நாள்களில் விழுவதால், வீட்டிலிருந்து இணையத்தில் பதில் அனுப்பச் சொல்லும் எந்த முறையும் அந்தச் சமயத்தில் சில குழந்தைகளைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடும். தேர்வு எழுதாதவர் பட்டியலில் அவர்கள் பெயர் வரும். காரணம் அந்தப் பட்டியலில் வராது.

மாணவர் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது என்பது நம் பள்ளிகளின் நடைமுறை. அது சரியான நடைமுறை என்றே நான் கருதுகிறேன். ஆகவே நான்கு வழிகளையும் ஒப்பிடும்போது, குழந்தையின் பக்கம் எத்தனை கருவிகள் வேண்டும் என்பதை முதல் அளவுகோலாக வைத்தேன். வினா தயாரிப்பது முதல் மதிப்பெண் பதிவேட்டில் ஏறுவது வரை ஆசிரியருக்கு ஆகும் மொத்த நேரம் அடுத்தது. திருத்தும் நேரத்தை மட்டும் கணக்கிட்டுவிட்டு, தயாரிப்புக்கு ஆன இரண்டு மணி நேரத்தை மறந்துவிடுவது இத்தகைய ஒப்பீடுகளில் வழக்கமாக நேரும் பிழை.

கூகுள் ஃபார்ம்ஸ்

நால்வகையிலும் முழுமையான இலவசம் இதுதான். ஒரு கூகுள் கணக்கு இருந்தால் போதும்; வினாக்களின் எண்ணிக்கைக்கோ பதிலளிப்பவர்களின் எண்ணிக்கைக்கோ நம் தேவையளவில் தடை கிடையாது. வினாடி வினா அமைப்பைத் தேர்ந்து, சரியான விடையையும் மதிப்பெண்ணையும் குறித்து வைத்துவிட்டால், அனுப்பிய கணமே திருத்தம் முடிந்துவிடும். எந்த வினாவை எத்தனை பேர் தவறவிட்டார்கள் என்பது வரைபடமாக வரும். மதிப்பெண்கள் விரிதாளில் தாமாகவே சேரும். ஒருமுறை தயாரித்த வினாத்தொகுப்பை நகலெடுத்து அடுத்த ஆண்டும் பயன்படுத்தலாம்.

சிக்கல் தொடங்குவது பதில் சொல்லும் பக்கத்தில். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு திரையும் இணைய இணைப்பும் வேண்டும். கணினி ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தேன். அன்று இயங்கிய கணினிகள் ஒன்பது. 38 பேரை ஐந்து அணியாகப் பிரித்து உட்கார வைத்து எழுப்பியதில் ஒரு பாடவேளை முழுதும் போய், அடுத்த பாடவேளையிலும் பத்து நிமிடம் கடன் வாங்க வேண்டியிருந்தது. முதல் அணியில் எழுதியவர்கள் ஐந்தாம் அணிக்கு விடைகளைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்பதை மதிப்பெண்களே காட்டின. ஒரு மணி நேரத் திருத்தத்தை மிச்சப்படுத்த, 38 குழந்தைகளின் ஒரு பாடவேளையைச் செலவழித்திருக்கிறேன். அது லாபம் ஆகாது.

தமிழில் எழுதும் குறுவிடைகளுக்கு இன்னொரு தடை உண்டு. சுருக்கமான எழுத்து விடையை இந்தக் கருவி நாம் கொடுத்த விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ‘ஒளிச்சேர்க்கை’ என்று நாம் கொடுத்திருக்க, ஒரு குழந்தை நடுவில் இடைவெளி விட்டு ‘ஒளிச் சேர்க்கை’ என்று தட்டினாலோ, ஒற்றை விட்டு ‘ஒளிசேர்க்கை’ என்று தட்டினாலோ, அது தவறாகிவிடும். ஏற்கத்தக்க வடிவங்களையெல்லாம் முன்கூட்டியே விடைகளாகச் சேர்த்து வைக்கலாம். ஆனால் சந்தியும் இடைவெளியும் நம் மொழியில் எத்தனை விதமாக வரக்கூடும் என்று உட்கார்ந்து பட்டியலிடும் நேரத்தில் தாளையே திருத்திவிடலாம்.

அதற்காக ஃபார்ம்ஸை ஒதுக்கிவிட வேண்டாம். சக ஆசிரியர்களிடம் பயிற்சி நாள்களுக்கான விருப்பம் கேட்பதற்கும், பெற்றோர் கூட்டத்துக்கு எந்த நாள் தோது என்று அறிவதற்கும், அறிவியல் கண்காட்சிக்குப் பெயர் சேர்ப்பதற்கும் இதைவிட நல்ல வழி இல்லை. முன்பு ஒரு வெள்ளைத்தாள் வகுப்பு வகுப்பாகச் சுற்றி வந்து, யாருடைய மேசையிலோ தங்கிவிடும்.

விளையாட்டு வகைத் தேர்வுகள்

கஹூட் 2013-இல் நார்வேயிலிருந்து வந்தது. வேகிரவுண்ட் என்ற பெயர் புதிதாகத் தோன்றலாம். 2015-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட குயிஸிஸ்தான் 2025-இல் இந்தப் பெயருக்கு மாறியது. இரண்டிலும் இசையும் வண்ணமும் புள்ளிப் பட்டியலும் உண்டு. குழந்தைகள் துள்ளிக் குதிக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. மற்ற ஆசிரியர்கள் உருவாக்கி வைத்த வினாக்களை எடுத்துக்கொள்ளும் வசதி இருப்பதால், ஆங்கிலவழி வகுப்புகளுக்குத் தயாரிப்பு நேரம் நன்றாகக் குறையும். தமிழ்வழிக்கு, அதுவும் நம் பாடநூலின் சொற்களோடு ஒத்துப்போகும் வினாக்கள் அங்கே அரிதாகவே கிடைத்தன.

என் தயக்கம் வேகத்தைப் பற்றியது. கஹூட்டின் வழக்கமான ஆட்டத்தில் சரியான விடைக்கு மட்டும் புள்ளி கிடைப்பதில்லை. விரைந்து தொட்டவருக்குக் கூடுதல் புள்ளி உண்டு. வினாவை எழுத்துக் கூட்டிப் படித்து, யோசித்து, சரியாகத் தொடும் குழந்தை பட்டியலில் கீழே போகிறது. அத்தகைய குழந்தைகள்தான் என் வகுப்பில் என் கவனம் அதிகம் தேவைப்படுபவர்கள். நான்கு பேருக்கு ஒரு கணினி என்று குழுவாக ஆடவிட்டால் இந்தக் குறை சற்றுத் தணிகிறது. அப்போது அது மதிப்பீடாக இல்லாமல் திருப்புதல் பயிற்சியாகிவிடுகிறது. பருவ விடுமுறைக்கு முந்தைய கடைசிப் பாடவேளைக்கு அது நல்ல தேர்வு. ஒரே நேரத்தில் எத்தனை பேர் சேரலாம் என்பதற்கு இலவசக் கணக்குகளில் வரம்பு உண்டு என்பதையும், அது அவ்வப்போது மாறக்கூடியது என்பதையும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

அட்டை முறை

பிளிக்கர்ஸில் குழந்தையின் கையில் இருப்பது ஒரு தாள் அட்டை மட்டுமே. கியூஆர் குறியீட்டைப் போன்ற கறுப்பு வடிவம் ஒன்று அதில் அச்சாகியிருக்கும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் தனி. அதற்கு ஓர் எண் உண்டு. 40 அட்டைகள் கொண்ட தொகுப்பை அவர்களுடைய தளத்திலிருந்து இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். வடிவத்தின் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்னும் ஆங்கில எழுத்துகள் மிகச் சிறிதாக இருக்கும். தான் தேர்ந்த விடையின் எழுத்து மேலே வருமாறு அட்டையைத் திருப்பிக் குழந்தை உயர்த்திப் பிடிக்கும். ஆசிரியர் தன் கைபேசியை வகுப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெல்லத் திருப்பினால் போதும்; எந்த எண் என்ன விடை சொன்னது என்பது பதிவாகிவிடும். ஒவ்வொருவர் அட்டையும் வேறு வேறு வடிவம் என்பதாலும், எழுத்து பொடியாக இருப்பதாலும், பக்கத்து இருக்கையைப் பார்த்து எழுத வழியில்லை.

இது ஏன் இந்த ஊருக்குப் பொருந்துகிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 38 குழந்தைகளுக்கும் ஆசிரியரின் கைபேசி ஒன்றே போதும். வடகிழக்குப் பருவமழை நாள்களில் மின்சாரம் போனாலும், வினாவைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் தேர்வைத் தொடரலாம். இணையம் ஆசிரியரின் கைபேசிக்கு மட்டும் வேண்டும். அறைக்குள் சிக்னல் மங்கினால் சன்னல் பக்கம் நின்றுகொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

நடைமுறையில் சில பாடங்களைக் கற்க வேண்டியிருந்தது. முதல் தொகுப்பைச் சாதாரணத் தாளில் அச்சிட்டேன். உப்புக் காற்றின் ஈரத்தில் இரண்டு வாரத்தில் ஓரங்கள் சுருண்டு, மின்விசிறிக் காற்றில் படபடக்கத் தொடங்கின. அடுத்ததாகப் பளபளப்பான லேமினேஷன் செய்தேன். அதில் சன்னல் வெளிச்சம் பட்டுக் கண்ணாடிபோல் மின்னியதால் கிழக்குப் பக்கத்து இரண்டு வரிசைகளைக் கேமரா படிக்கவேயில்லை. கடைசியில் தடித்த அட்டையில் அச்சிட்டு, பின்புறம் மட்டும் அட்டைப் பெட்டித் துண்டை ஒட்டியபோது எல்லாம் சரியாயிற்று. கறுப்புப் பகுதியின் மேல் விரல் பட்டாலும் படிக்காது; ஓரத்தை மட்டும் பிடிக்கப் பழக்குவதற்கு மூன்று வகுப்புகள் ஆயின. ஜெராக்ஸ் கடைச் செலவு ஒருமுறைதான். அதே அட்டைகளை மூன்று பிரிவுகளுக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன்.

திருத்தும் நேரம் மிச்சமானதைவிடப் பெரிய பயன் ஒன்று இதில் கிடைத்தது. ‘பாய்மங்கள்’ பாடம் நடந்துகொண்டிருந்த நாள். நன்னீரில் மிதந்துகொண்டிருந்த ஒரு படகு அதே சுமையோடு கடல்நீருக்குள் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டு, இன்னும் ஆழமாக அமிழும், சற்று மேலே எழும், மாற்றம் இராது, கவிழ்ந்துவிடும் என்று நான்கு விடைகளை வைத்தேன். கடலிலேயே வளரும் பிள்ளைகள் என்பதால் எல்லாரும் சரியாகச் சொல்வார்கள் என்று எண்ணியிருந்தேன். கைபேசித் திரையில் பார்த்தால், சரியாகச் சொன்னவர்கள் 14 பேர் மட்டுமே. பாதி வகுப்பு, உப்புத் தண்ணீர் கனமானது, ஆகையால் படகைக் கீழே இழுக்கும் என்று நினைத்திருந்தது.

விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசுங்கள் என்றேன். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: “ஊருணியில முங்குனா கீழ போயிருவோம், கடல்ல மல்லாந்து கெடந்தா அதுவா தூக்கிவிடும்ல. அப்ப போட்டுக்கும் அப்படித்தானே?” அந்தப் பேச்சு வரிசைக்கு வரிசை பரவியதை நான் பார்த்தேன். மறுமுறை அட்டையை உயர்த்தச் சொன்னபோது 31 பேர் சரியாகச் சொன்னார்கள். அடர்த்தி, மிதப்பு விசை என்று நான் அரை மணி நேரம் விளக்கியதற்கு, அந்தப் பிள்ளையின் ஊருணி உதாரணம் வழி திறந்துவிட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் தம் வகுப்பில் தொடங்கிப் பரப்பிய முறை ஏறத்தாழ இதுவே: வினா, தனித்தனி விடை, பக்கத்தவரோடு விவாதம், மீண்டும் விடை. கையை உயர்த்தச் சொல்லியும் இதைச் செய்யலாம். ஆனால் அப்போது வகுப்பின் முதல் மாணவியைப் பார்த்தே மற்ற கைகள் உயரும். அட்டையில் அது நடப்பதில்லை.

குறைகளும் உண்டு. நான்கு விடைகளுக்கு மேல் வைக்க முடியாது. எழுதும் விடைக்கு இடமே இல்லை. இலவசக் கணக்கில் ஒரு தொகுப்பில் வைக்கும் வினாக்களுக்கு வரம்பு இருப்பதால், நீண்ட தேர்வுக்கு இது உதவாது. நாற்பதுக்கு மேல் பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு அவர்கள் தரும் பெரிய தொகுப்பை அச்சிட வேண்டும்; அதில் 63 அட்டைகள் வரை உண்டு.

குமிழ் விடைத்தாள்

மாதத் தேர்வுக்கு இருபது, இருபத்தைந்து வினாக்கள் வேண்டும். பெற்றோர் பார்க்க ஒரு தாளும் வேண்டும். அங்கேதான் ஜிப்கிரேடு போன்ற செயலி வருகிறது. அரசுப் பணித் தேர்வுகளில் ஓஎம்ஆர் தாள் நிரப்பியவர்களுக்கு இது பழகிய வடிவம்தான். 20, 50, 100 வினாக்களுக்கான விடைத்தாள்களை இலவசமாக இறக்கி நகலெடுக்கலாம். சரியான விடைகளைச் செயலியில் ஒருமுறை பதிந்துவிட்டால், ஒவ்வொரு தாளின் மேலும் கேமராவைக் காட்டிய நொடியில் மதிப்பெண் திரையில் தெரியும். 38 தாள்களை நான்கு நிமிடத்தில் முடித்தேன். தாளைப் படித்துத் திருத்துவதற்கு இணையம் தேவையில்லை என்பது இதன் பெரிய பலம். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை நடக்கும்.

இலவசமாக மாதத்துக்கு 100 தாள்கள் வரை திருத்தலாம். இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே போட்டுப் பார்க்க வேண்டும். 38 பேர் கொண்ட பிரிவுக்கு இரண்டு தேர்வுகள் என்றால் 76 தாள்கள், மூன்றாவதற்கு இடமில்லை. மூன்று பிரிவுகளுக்கு மாதம் ஒரு தேர்வு என்றால் 114. பதினான்கு தாள்களைக் கையால் திருத்த வேண்டிவரும். நான் அப்படித்தான் செய்கிறேன். கட்டணம் கட்டுவதற்கு அது ஒரு காரணமாக எனக்குத் தோன்றவில்லை. வாரத் தேர்வுக்கு இதை நம்பினால் மூன்று பிரிவுகளுக்கும் முதல் வாரத்திலேயே வரம்பு முட்டும் என்பதால்தான், வாரத்துக்கு அட்டை, மாதத்துக்குக் குமிழ்த்தாள் என்று பிரித்துக்கொண்டேன்.

முதல் தேர்வில் ஒரு விசித்திரமான பிழை எழுந்தது. நம் வினாத்தாள்களில் விடைகள் அ, ஆ, இ, ஈ என்று வரும்; குமிழ்த்தாளில் ஆங்கில எழுத்துகள் ஐந்து வரிசையாக இருக்கும். ‘ஈ’ என்ற விடையைத் தேர்ந்த பிள்ளைகளில் சிலர், அதே ஒலியுள்ள ஐந்தாவது ஆங்கில எழுத்தின் குமிழை நிரப்பிவிட்டார்கள். நன்றாகப் படிக்கும் ஒரு மாணவன் இதனாலேயே நான்கு மதிப்பெண் இழந்திருந்ததைக் கண்டபோது, செயலி காட்டிய மதிப்பெண்ணை அப்படியே பதிவேட்டில் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மனம் பதைத்தது. இப்போது விடைத்தாளை நகலெடுக்கும் முன்பே, குமிழ் வரிசைக்கு மேலே அ, ஆ, இ, ஈ என்று பேனாவால் எழுதி, ஐந்தாவதை அடித்துவிடுகிறேன். முதல் இரண்டு தேர்வுகளுக்காவது, செயலி தவறு என்று சொன்ன தாள்களைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எழுத்துருவும் கலைச்சொல்லும்

எந்தக் கருவியை எடுத்தாலும் தமிழ்வழி ஆசிரியரின் நேரம் கரையும் இடம் வேறொன்று இருக்கிறது. நம் பள்ளிக் கணினிகளில் இருக்கும் பழைய வினாத்தாள்கள் பல வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை நகலெடுத்து இணையப் படிவத்தில் ஒட்டினால் தமிழ் வராது. குழப்பமான ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரும். மறுபடி முழுவதும் தட்டச்சு செய்ய உட்காராதீர்கள். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் பழைய எழுத்துருவை இணையத்தில் எங்கும் படிக்கக்கூடிய ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றித் தரும். அச்சுத்தாள் மட்டுமே கையில் இருந்தால், அதைப் படமெடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸ் வழியாகத் திறந்தால், அச்சுத் தமிழைப் பெரும்பாலும் சரியாகப் படித்து எழுத்தாகக் கொடுக்கும். துணைக்காலும் ‘ர’வும் மாறியிருக்கும் இடங்களை மட்டும் சரிபார்க்க வேண்டும். புது வினாக்களுக்குக் கைபேசியில் குரல்வழித் தட்டச்சு போதும். இந்த மூன்றையும் பழகிய பிறகு, பத்து வினாக்கள் தயாரிக்க எனக்கு ஆகும் நேரம் 40 நிமிடத்திலிருந்து 15 நிமிடமாகக் குறைந்தது. நான்கு கருவிகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைவிட இந்த வேறுபாடு பெரிது.

சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் வினாக்களைக் கேட்டு வாங்கும் வழக்கம் இப்போது ஆசிரியர்களிடையே பரவிவருகிறது. நானும் கேட்கிறேன், முதல் வரைவாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விடைகள் சில நேரம் தவறாக இருப்பது ஒருபுறம். கலைச்சொல் மாறிவிடுவது மறுபுறம். நம் பாடநூலில் ‘நிலைமம்’ என்பது இலங்கைப் பாடநூலில் ‘சடத்துவம்’. நமக்கு ‘முடுக்கம்’, அவர்களுக்கு ‘ஆர்முடுகல்’. இதைவிடச் சிக்கலானது ‘வேகம்’: நாம் திசைவேகம் என்று சொல்வதை அவர்கள் வேகம் என்பார்கள், நம் வேகம் அவர்களுக்குக் கதி. இரண்டும் நல்ல தமிழ்தான். பாம்பனிலிருந்து பார்த்தால் அந்தக் கரை அவ்வளவு தூரமும் இல்லை. ஆனால் ‘இயக்கம்’ பாடத்தில் வேகம் என்ற சொல் எந்தப் பொருளில் நிற்கிறது என்பது தெளிவாக இல்லாத வினா, படித்த குழந்தையைத்தான் முதலில் குழப்பும். ஆகவே ஒவ்வொரு வினாவையும் பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை ஒப்பிட்டே ஏற்றுங்கள். அதற்கு ஆகும் ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்த முயல வேண்டாம்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்கு உட்பட்ட அனைவரும் குழந்தைகள். அவர்களுடைய விவரங்களைக் கையாள்வதற்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. அட்டைக்கும் குமிழ்த்தாளுக்கும் எண் போதும், பெயர் தேவையில்லை. நான் எந்தக் கருவியிலும் குழந்தைகளின் பெயரையோ, ஊரையோ, பெற்றோர் எண்ணையோ ஏற்றுவதில்லை. எண்ணுக்கும் பெயருக்கும் உரிய பட்டியல் என் பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

எந்தப் பள்ளிக்கு எது

உங்கள் பள்ளியில் 25-க்கும் மேற்பட்ட கணினிகள் இயங்கும் நிலையில் இருந்து, இணையமும் சீராக இருந்தால், ஃபார்ம்ஸே போதும். வேறு எதையும் தேட வேண்டாம். கைபேசி இணைப்பே கிடைக்காத அறையில் வகுப்பு நடக்கிறது என்றால் குமிழ்த்தாள்தான் வழி. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் இருக்கும் பள்ளிகளே இந்தக் கரையில் மிகுதி. அவர்களுக்கு அட்டையைச் சொல்வேன். இவற்றில் எதுவும், பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தகவல் தளமான எமிஸில் செய்ய வேண்டிய பதிவைக் குறைக்காது. அதைத் தனியாகத்தான் செய்ய வேண்டும் என்பதால், அந்த எதிர்பார்ப்போடு தொடங்காதீர்கள்.

எனக்கு இப்போது வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் கையில் நிற்கிறது. அதில் ஒரு பிரிவின் நெடுவினா விடைகளை முழுமையாகப் படித்து, ஓரத்தில் இரண்டு வரியாவது எழுதுகிறேன். மூன்று பிரிவுகளும் முறை வைத்து வருகின்றன. சென்ற மாதம் ஒரு தாளின் கீழே, ‘டீச்சர், நீங்க எழுதுனதுக்குப் பதில் அடுத்த பக்கத்துல இருக்கு’ என்று ஒரு குறிப்பு இருந்தது. புரட்டினால், நான் கேட்டிருந்த கேள்விக்கு ஒரு பக்க அளவில், வலையில் கட்டும் மிதவையைப் படமாக வரைந்து விளக்கியிருந்தாள்.

அட்டை முறையில் தொடங்குவதாக இருந்தால், வருகைப் பதிவேட்டு வரிசை எண்ணையே அட்டை எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டின் நடுவில் ஒரு குழந்தை மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றால் அந்த எண்ணைப் புதிதாகச் சேர்பவருக்குக் கொடுக்காமல் காலியாக விட்டு, அடுத்த எண்ணைக் கொடுங்கள். இல்லையென்றால் பழைய குழந்தையின் மதிப்பெண்கள் புதிய குழந்தையின் கணக்கில் கலந்துவிடும். 39, 40 என்னும் இரண்டு அட்டைகளை நான் அதற்காகவே மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.